பறவைகளுக்குப் பெயர் சூட்டிய பெருந்தகை: ஆலன் ஆக்டேவியன் ஹியூம்

இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர் யார் என்று நம் பள்ளிச் சிறுவர்களைக் கேட்டால், ஹியூம் என்று உடனே விடை பகர்வர். அந்த ஹியூம் ஒரு காலத்தில் நம் தீவுகளுக்கு வந்தார் என்பதையும், இங்குள்ள பறவைகள் பலவற்றை அறிவுலகுக்கு முதன்முதல் அறிமுகப்படுத்தியவர் அவரே என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே. அவர் வரலாற்றை அறிந்தால், உயிரினங்களை அறிஞர் எவ்வாறு வகைப்படுத்துகின்றனர், ஓர் உயிரினத்திலிருந்து மற்றொன்று எவ்வாறு கிளைக்கின்றது என்னும் உண்மைகளும் உடன் விளங்கும். ஆதலின் நம் சங்க ஆண்டு விழா மலரில் அப்பெருந்தகையின் வாழ்க்கையைச் சுருக்கமாக வரைய முற்பட்டேன்.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829ஆம் ஆண்டு சூன் திங்களில் பிறந்தார். தந்தையார் ஜோசப் ஹியூம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஏழை எளியவர்க்காக வாதாடிய சீர்திருத்தவாதி. மகனும் தந்தையின் குணத்தைக் கொண்டே வளர்ந்தார். ஹெய்லிபரிக் கல்லூரியில் பயின்று, மருத்துவமும் சிறிது கற்று, 1849இல் இந்தியாவுக்கு வந்து வங்காள ஆட்சிப் பணியில் சேர்ந்தார். எட்டாவா மாவட்டம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அங்கே அவர் முதலில் செய்த செயல் பள்ளிகள் திறந்ததாகும். 1857ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்குள் 181 பள்ளிகள் ஏற்பட்டன; அவற்றில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் கட்டணமின்றிக் கற்றனர். அவ்வாண்டே பெருங்கிளர்ச்சி மூண்டது. ஹியூம் எட்டாவாவை விட்டு ஆக்ராக் கோட்டையில் பல மாதம் தங்க நேர்ந்தது. அமைதி திரும்பியதும் மீண்டும் வந்து விட்ட இடத்தில் தொடங்கினார். மக்களின் வறுமையும் அறியாமையும் தீர்ந்தாலன்றி அமைதி நிலைக்காது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அக்காலத்திலேயே வேரூன்றியது.

அக்கிளர்ச்சிக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கிளர்ச்சியில் சிறைப்பட்டோரைக் கொண்டுவந்து 1858 மார்ச்சுத் திங்களில் இங்கே தண்டனைக் குடியிருப்பை அமைத்தனர். அடுத்த ஆண்டு மே திங்களில் அந்தமான் பழங்குடி மக்கள் தம் நிலத்தைக் காக்க வில்லேந்தி அபர்டீனில் போரிட்டனர். உலக அறிவு வரலாற்றிலும் அவ்விரண்டு ஆண்டுகளே சிறந்தவை என்பது வியப்பளிக்கும் ஒற்றுமையாகும். 1858 சூலை முதல் நாளில் சார்லஸ் டார்வின், ஆல்பிரட் ரசல் வாலஸ் ஆகிய இருவரின் கட்டுரைகள் இலண்டனில் ஓர் அறிஞர் அவையில் படிக்கப்பெற்றன. 1859 நவம்பரில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் பெருநூல் வெளிவந்தது.

டார்வினுக்கு முன்னும் உயிர்களை வகுத்துப் பார்த்தவர் உண்டு. நம் தொல்காப்பியம் மரபியலில், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலன்களின் எண்ணிக்கை கொண்டு வகுத்துள்ளது. புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் அது பிரிக்கின்றது. மூங்கிலையும் நம் தீவில் மலிந்துள்ள தென்னையையும் வெட்டிப் பார்த்தவர், வெளிப்புறமே வலிமை என்பதைக் கண்கூடாகக் காணலாம். படாக்கு மரத்தை அறுப்பவர், உள்ளே வைரம் பாய்ந்திருப்பதைக் காணலாம். இன்றைய தாவரவியலாரும் தென்னையையும் மூங்கிலையும் ஒருவித்திலைப் பிரிவிலும், படாக்கை இருவித்திலைப் பிரிவிலும் சேர்க்கின்றனர். உற்று நோக்கும் கண்ணே வகைப்பாட்டின் தொடக்கம் என்பதற்கு இது நல்ல சான்று.

ஐரோப்பாவில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், ஒவ்வோர் உயிருக்கும் இரு சொற்களால் ஆன பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாம் சொல் இனத்தைக் குறிக்கும். விலங்குகளுக்கு இம்முறை 1758 முதல் வழங்குகின்றது. இனங்கள் பல சேர்ந்து பேரினம். பேரினங்கள் பல சேர்ந்து குடும்பம். அதன்மேல் வரிசை, வகுப்பு, தொகுதி, உலகு எனப் படிப்படியாக விரியும். லின்னேயசின் மாணவரான கோனிக் என்பவர் 1768இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழகத்துச் செடி கொடிகளை இம்முறைப்படி ஆராய்ந்தார். ஆயினும் உயிர்கள் ஏன் இவ்வாறு கூட்டங் கூட்டமாகப் பொருந்துகின்றன என்னும் வினாவுக்கு அக்காலத்தில் விடையில்லை. படைக்கப்பட்ட நாள் முதல் ஒவ்வோர் இனமும் மாறாதிருக்கின்றது என்றே பெரும்பாலோர் எண்ணினர்.

டார்வினும் வாலஸும் கூறிய விடை எளியது. எவ்வுயிரும் பிழைக்கக்கூடியதைவிட மிகுதியான குஞ்சுகளை ஈனுகின்றது. ஒரு வயிற்றுக் குஞ்சுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றன் அலகு சற்று நீண்டிருக்கும். மற்றொன்றன் நிறம் சற்று மங்கியிருக்கும். அவ்வேறுபாடுகளில் பல பரம்பரையாக இறங்குகின்றன. வாழும் இடத்திற்கு ஏற்ற வேறுபாடு உடையவை மிகுதியாகப் பிழைத்து, மிகுதியாக ஈனுகின்றன. பல்லாயிரம் தலைமுறை கழியுமாயின் அச்சிறு வேறுபாடுகள் திரண்டு பெரு வேறுபாடாகின்றன. இதனை இயற்கைத் தேர்வு என்பர். பண்புகள் இறங்கும் வழியை மெண்டல் என்ற துறவி 1866இல் விளக்கினார். அப்பண்புகளைத் தாங்கும் மூலப்பொருளின் அமைப்பை 1953இல் அறிஞர் கண்டறிந்தனர். அதன்பின் டார்வினின் கொள்கை மேலும் உறுதி பெற்றது.

இதனை நாம் மொழியின் வாயிலாக இன்னும் தெளிவாக உணரலாம். அபர்டீன் பஜாரில் ஒரு மாலைப்பொழுது நடந்தால் தமிழும் தெலுங்கும் மலையாளமும் காதில் விழும். மூன்றும் வேறு வேறு மொழிகள்; எனினும் கண், கல், நாள் போன்ற சொற்களில் உறவு வெளிப்படுகின்றது. இவை ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் எழுதி நிறுவினார். ஒரு மூலத்தினின்றும் பிரிந்து, போக்குவரவு குறைந்து, தனித்தனியே மாறியதால் மொழிகள் கிளைத்தன. உயிர்களும் அவ்வாறே கிளைத்தன. ஆகவே வகைப்பாடு என்பது பொருள்களை அடுக்கி வைக்கும் அலமாரி அன்று. அஃது உறவுமுறையைக் காட்டும் குடிவழிப் பட்டியல்.

இவ்வறிவுப் புரட்சி நிகழ்ந்த காலத்தில்தான் ஹியூம் பறவை ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1867 முதல் மூன்றாண்டு உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்து, உப்பு வரிக்காக வடநாட்டின் குறுக்கே வளர்க்கப்பட்டிருந்த நெடிய முள்வேலியை மேற்பார்த்தார். வேலி நெடுகச் சென்றபோது பறவைகளையும் குறித்துக்கொண்டார். 1871இல் வைசிராய் மேயோ பிரபு வேளாண்மைக்கெனத் தனித் துறை கண்டு, ஹியூமை அதன் செயலாளராக்கினார். உழவர் நலம் குறித்து இருவரும் பெருந்திட்டங்கள் வைத்திருந்தனர். ஆயின் 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, மேயோ பிரபு நம் துறைமுகத்தின் எதிர்க்கரையில் ஹாரியட் மலையிலிருந்து இறங்கி, ஹோப்டவுன் படகுத்துறையில் கால் வைத்தபோது ஷேர் அலி என்ற கைதியால் குத்தப்பட்டு மாண்டார். அம்மலை 2021 முதல் மணிப்பூர் மலை என வழங்குகின்றது.

தம்மை உயர்த்திய தலைவர் உயிர்நீத்த அத்துறைமுகத்திற்கு, மறு ஆண்டே, 1873இல், ஹியூம் வந்தார். அவருடன் ஸ்டோலிஸ்கா, வாலண்டைன் பால் முதலிய நிலவியல் அறிஞரும் வந்தனர். அவருடைய உதவியாளர் வில்லியம் டேவிசன் இத்தீவுகளில் பறவைகளைத் திரட்டினார். வங்காள விரிகுடாத் தீவுகள் பலவற்றில் கப்பலை நிறுத்தி, காடு புகுந்து, கண்டவற்றையெல்லாம் ஹியூம் குறித்தார். 1872இல் அவர் தொடங்கிய பறவையியல் இதழில் அப்பயணக் குறிப்பு விரிவாக வெளிவந்தது. இந்தியா முழுவதிலும் இருந்த அன்பர் பலர் அவ்விதழுக்குச் செய்தி அனுப்பினர்.

நம் தீவுகளின் பறவைகளுள் ஹியூம் அறிவித்தவை பல. கண்ணைச் சுற்றி வெண்மை படர்ந்த அந்தமான் கிளுவை வாத்து, அந்தமான் மரப்புறா, அந்தமான் பக்கி ஆகியவற்றை 1873இல் விளக்கினார். சிற்றாந்தை ஒன்றுக்குத் தம் தோழர் பாலின் பெயரைச் சூட்டினார். அந்தமான் கூகைக்கு, இங்கே அலுவல் பார்த்த டி ரோப்ஸ்டார்ப் என்பவரின் பெயரை 1875இல் அளித்தார். தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளுதல் அத்துறையில் மரபன்று. துணை செய்தவர் பெயரைச் சூட்டுவதே மரபு.

அவர் கண்டவற்றுள் தலைசிறந்தது நார்கொண்டம் இருவாட்சி. வட அந்தமானுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஏறத்தாழ 7 சதுரக் கிலோமீட்டர் பரப்பும் 710 மீட்டர் உயரமும் உடைய எரிமலையே நார்கொண்டம் தீவு. அச்சிறு தீவில் வாழும் இருவாட்சி உலகில் வேறெங்கும் இல்லை. அந்தமானின் பெருந்தீவுகளில் இருவாட்சி இனம் ஒன்றுகூட இல்லை என்பது எண்ணத்தக்கது. ஆண் பறவையின் தலையும் கழுத்தும் செம்மை தோய்ந்தவை. பெண் பறவை முழுதும் கறுப்பு. இரண்டற்கும் வால் மட்டும் வெண்மை. பெண் மரப்பொந்தில் அடைந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிட, ஆண் அத்திப்பழம் கொணர்ந்து ஊட்டும்.

இப்பறவை அங்கே எவ்வாறு வந்தது? நார்கொண்டம் கடலடியிலிருந்து எழுந்த எரிமலை. பெருநிலத்தோடு அஃது ஒருநாளும் இணைந்திருந்ததில்லை. ஆதலின் முன்னோர் பறவைகள் சில கிழக்கிலிருந்து கடலைக் கடந்து வந்திருத்தல் வேண்டும். வந்தவை சில; திரும்பிச் சென்று கலப்பதற்கோ வழியில்லை. அத்தீவின் பழமும் காற்றும் மரப்பொந்தும் எதனைத் தேர்ந்தனவோ அதுவே நிலைத்தது. தலைமுறை பல கழிந்தபின், உறவினங்களைவிட உடல் சிறுத்த தனி இனமாயிற்று. அதன் குடிவழியைப் பாருங்கள். இனம் நார்கொண்டம் இருவாட்சி, பேரினம் ரைட்டிசெரோஸ், குடும்பம் இருவாட்சிக் குடும்பம். அதே வரிசையில் கொண்டையை விரிக்கும் கொண்டலாத்தியும் இடம்பெறுகின்றது. மேலே வகுப்பு பறவைகள். தொகுதி முதுகுநாண் உடையவை. அத்தொகுதியில் மீனும் தவளையும் பல்லியும் மனிதனும் அடங்குவர்.

கடல் ஒரு வேலி. நாடு விட்டு நாடு நடந்து செல்லும் புலியும் யானையும் தாமாக இத்தீவுகளுக்கு வந்ததில்லை. காட்டில் மரம் இழுத்த யானைகள் மனிதர் கப்பலில் கொண்டுவந்தவை. புள்ளிமானும் அவ்வாறே கொணரப்பட்டது. அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்துப் பாகைக் கால்வாயைக் கடந்தால், பெரிய நிக்கோபாரில் நீண்ட வால் குரங்கு உண்டு. அந்தமானில் இயற்கையாக வாழும் குரங்கு இல்லை. எவ்வுயிர் எங்கே உண்டு, எங்கே இல்லை என்னும் இக்கணக்கே பரிணாமக் கொள்கைக்கு உறுதியான சான்றாயிற்று. வாலஸ் 1880இல் தீவு வாழ்க்கை பற்றித் தனி நூலே எழுதினார்.

ஈண்டு ஒரு தவற்றையும் சுட்டுதல் கடன். அக்கால ஐரோப்பியருள் சிலர் பரிணாமத்தை ஏணியாகக் கருதி, தம்மை மேற்படியிலும் நம் தீவின் பழங்குடி மக்களைக் கீழ்ப்படியிலும் வைத்துப் பேசினர். அது பிழை. பரிணாமம் ஏணி அன்று, கிளைத்த மரம். இன்று வாழும் மாந்தர் அனைவரும் ஒரே இனம். ஒரு கொம்பின் இலைகளுள் மேலிலை கீழிலை என்னும் சிறப்பு ஏது?

பெயர் வைத்தவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. ஹியூம் தனி இனமெனக் கூறிய அந்தமான் கிளுவையைப் பிற்காலத்தார் நெடுநாள் கிழக்கிந்தியத் தீவுக் கிளுவையின் உட்பிரிவு என்றே கொண்டனர். அந்தமான் கூகையையும் உலகெங்கும் உள்ள கூகையோடு சேர்த்தனர். மேலும் ஆராய்ந்தபின் இரண்டனையும் தனி இனங்களாகக் கொள்வோர் பெருகினர். புதிய சான்று கிடைத்தால் பழைய முடிவைத் திருத்துவதே அறிவியலின் நேர்மை.

ஹியூமின் வாழ்வில் துயரங்கள் அடுத்தடுத்து வந்தன. அரசின் தவறுகளை அஞ்சாது எடுத்துரைத்தமையால் 1879இல் செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1882இல் ஓய்வு பெற்றார். இனிப் பறவைகளே தம் உலகம் என எண்ணி, சிம்லா இல்லத்தில் இருபத்தைந்து ஆண்டுக் குறிப்புகளைத் திரட்டி, இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிய பெருநூல் எழுத நினைத்தார். குளிர்காலத்தில் அவர் வெளியூர் சென்றிருந்தபோது, வேலைக்காரன் ஒருவன் அக்கையெழுத்துப் படிகளைத் திருடிக் கடைத்தெருவில் பழைய தாள் விலைக்கு விற்றுவிட்டான். 1885ஐ ஒட்டி அவ்விழப்பு வெளிப்பட்டது. கால் நூற்றாண்டு உழைப்பு, மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் தாளாயிற்று.

அந்நிலையில் அவர் செய்ததை நோக்குங்கள். தம் சேகரிப்பு முழுவதையும் பணம் பெறாமல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கிருந்து ஷார்ப் என்னும் அறிஞர் 1885இல் சிம்லாவுக்கு வந்து பறவைகளைப் பெட்டிகளில் அடுக்கினார். ஏறத்தாழ 82,000 பறவைத் தோல்கள் இருந்தன; அவற்றுள் 75,577 அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. அவற்றுடன் ஆயிரக்கணக்கான முட்டைகளும் சென்றன. எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு ஓட்ஸ் என்பவர் பறவைகளின் கூடும் முட்டையும் பற்றிய நூலைத் திருத்தி வெளியிட்டார். தம் பெயரில் வெளிவரவேண்டிய பெருநூல் வாராதொழியினும், பிறர் எழுதுவதற்குத் தம்மிடம் இருந்ததை ஈந்தார். அப்பறவைகளை இன்றும் ஆராய்ச்சியாளர் நாடுகின்றனர்.

பறவை நூலுக்கென வைத்திருந்த ஊக்கமெல்லாம் நாட்டுப் பணிக்குத் திரும்பியது. 1883 மார்ச்சில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு மடல் எழுதி, நாட்டுக்காகத் தன்னலம் துறக்க முன்வருமாறு வேண்டினார். 1885 டிசம்பர் 28ஆம் நாள் பம்பாயில் 72 பேராளர் கூடக் காங்கிரஸ் பிறந்தது. முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் தமிழகத்து ஜி. சுப்பிரமணிய ஐயர். 1887இல் சென்னையில் மூன்றாம் மாநாடு நடந்தது. அதனையொட்டி வீரராகவாச்சாரியார் தமிழில் வினா விடையாக எழுதிய சிறு நூல் ஊர் ஊராகப் பரவியது. மன்றங்கள் வழியே சிதறிய மக்களை ஒன்றாக்குதல், நாடெங்கும் சிதறிய குறிப்புகளை ஓர் இதழில் ஒன்றாக்கிய கைக்குப் புதிதன்று.

ஹியூமின் உள்ளத்தில் நேர்ந்த மற்றொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. பல்லாயிரம் பறவைகளைச் சுட்டுச் சேர்த்த அவரே, பிற்காலத்தில் உயிர்க்கொலையை வெறுத்துப் புலால் உண்ணாமையை மேற்கொண்டார். துப்பாக்கியை விடுத்துச் செடிகளின்பால் கருத்தைச் செலுத்தினார். 1894இல் இந்தியாவை விட்டுச் சென்றபின், 1910இல் தென் இலண்டனில் தாவரவியல் நிலையம் ஒன்றை நிறுவினார். தொழிலாளரும் எளியவரும் மாலை நேரத்தில் வந்து செடிகளைப் பற்றிக் கற்கவேண்டும் என்பது அவர் நோக்கம். எட்டாவாவில் பள்ளி திறந்த இளைஞரின் உள்ளம் எண்பது வயதிலும் மாறவில்லை. 1912 சூலை 31ஆம் நாள் அவர் காலமானார்.

ஹியூம் பெயர் சூட்டிய இருவாட்சி இன்றும் நார்கொண்டத்தில் வாழ்கின்றது. கணக்கெடுத்தோர் சில நூறு என்பர்; ஓராயிரத்தை ஒட்டியவை என்பாரும் உண்டு. 1977இல் அத்தீவு சரணாலயமாயிற்று. காவல் நிலையத்தாருக்கெனக் கொண்டு விடப்பட்ட ஆடுகள் இளங்கன்றுகளைத் தின்று காட்டைக் கெடுத்ததால், பின்னர் அகற்றப்பட்டன. ஒரு தீவு, ஒரு பறவை, ஒரு காடு. அக்காடு அழியுமாயின் அப்பறவை குடியேறி வாழ வேறு நிலம் இல்லை. ஓரினம் உருவாக எண்ணிறந்த தலைமுறைகள் தேவை. அழிய ஒரு தலைமுறையின் கவனக்குறைவே போதும்.

நாமும் கடல் கடந்து வந்தவர்களே. எனினும் கப்பலும் விமானமும் நம்மைத் தாய்நாட்டோடு பிணைக்கின்றன; நூலும் சங்கமும் நம் மொழியை மாறாது காக்கின்றன. அவ்விருவாட்சிக்கு அத்தகைய துணை இல்லை. அதன் துணை அத்தீவின் அத்திமரமும் நம் நல்லெண்ணமுமே. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் நம் நகரில், விடுமுறை நாளில் ஒரு காலைப்பொழுதேனும் பிள்ளைகளைக் காட்டோரம் அழைத்துச் செல்லுங்கள். ஒரு பறவையைக் காட்டி அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். கண்டதை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதச் செய்யுங்கள். எழுதியதைப் பழைய தாள் கடைக்குப் போகாமல் காப்பாற்றுங்கள். ஹியூம் பெருந்தகைக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.